குளோரினும் ஏரியும்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் காணாமற்போன ஓர் அளவீடு

(பெங்களூருவில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக நடைபெற்ற அறிவியல் வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் வண்ணமீன் வளர்ப்பவர்கள் அனைவருக்கும் ஒரு செய்தி தெரியும். குழாயில் பிடித்த நீரை நேராகத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சில மணி நேரத்தில் மல்லாந்து மிதக்கும். ஆகவே நீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைப்பார்கள். அவசரமென்றால் மீன் கடையில் 'ஹைப்போ' என்று விற்கும் சோடியம் தையோசல்ஃபேட்டு உப்பை இரண்டு துண்டு போடுவார்கள். நீரிலுள்ள குளோரின் போய்விடும். அதே குழாய் நீரைத்தான் மனிதர்கள் குடிக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. மனிதனைக் காலராவிலிருந்து காக்கும் அளவு அது. மீனைச் சாகடிக்கவும் போதுமான அளவு.

பெங்களூரு போன்ற ஒரு மாநகரத்தில் இது மீன்தொட்டி வைத்திருப்பவரின் கவலையோடு முடிந்துவிடுவதில்லை. காவிரியிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றிக் குடிக்கும் நகரம் இது. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்படும் வரை நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் கட்டம் மேலும் 77.5 கோடி லிட்டரைச் சேர்க்கிறது. நிலத்தடியிலிருந்து உறிஞ்சப்படுவது தனி. குடித்தும் குளித்தும் துவைத்தும் முடித்த பிறகு இதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறுகிறது. பெங்களூரு ஒரு மேட்டின் மீது அமர்ந்த நகரம். ஆறு எதுவும் அதன் நடுவே ஓடவில்லை. கழிவுநீர் மேட்டிலிருந்து பள்ளத்தாக்குகளின் வழியே இறங்குகிறது. விருஷபாவதி பள்ளத்தாக்கில் இறங்குவது அர்க்காவதியில் கலந்து மீண்டும் காவிரிக்கே போகிறது. கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்குவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அதாவது பெங்களூருவின் சுத்திகரிப்பு நிலையத்தில் திருகப்படும் ஒரு வால்வின் விளைவு கிருஷ்ணகிரி மாவட்டத்து விவசாயியின் வாய்க்காலில் தெரியும்.

பெல்லந்தூர் ஏரி உலகப் புகழ் பெற்றது 2015இல். நுரை பொங்கிச் சாலைக்கு வந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் நுரையே தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மீண்டும் எரிந்தது; 2018இல் தீயை அணைக்க ஆயிரக்கணக்கான இராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. அதற்கு முன் 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அந்த மீன்கள் குளோரினால் செத்தன என்று எவரேனும் சொன்னால் நம்பிவிட வேண்டாம். கழிவு கலந்த ஏரியில் ஆக்சிஜன் வற்றி மூச்சுத் திணறிச் சாவதே மீன்களின் வழக்கமான மரணம். எரிகிற ஏரியையும் மிதக்கிற மீனையும் தொலைக்காட்சி காட்டும். கண்ணுக்குத் தெரியாத அளவில் சாகிறவற்றை எந்தக் கேமராவும் காட்டாது. இந்த உரை அவற்றைப் பற்றியது.

ஏரி நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகர்ந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், துள்ளித் துள்ளி நீந்தும் வெண்புள்ளிகள் தெரியும். நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியா அவற்றுள் ஒன்று. மொய்னா, கோப்பிபாடு, ரோட்டிஃபர் என்று உறவினர்களும் அண்டை வீட்டாரும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் டாஃப்னியாவின் உடல் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். இதயம் துடிப்பதை எண்ணலாம். இவை நீரை வடிகட்டிப் பாசியைத் தின்கின்றன. மீன்குஞ்சுகள் இவற்றைத் தின்கின்றன. பாசிக்கும் மீனுக்கும் நடுவில் நிற்கும் இந்தக் கண்ணி அறுந்தால் நீர் பச்சைப் பாயாக மாறும், மீன்வளம் குன்றும். கோப்பிபாடுகளில் சில வகைகள் கொசுவின் இளம் புழுக்களை வேட்டையாடுபவை. வியட்நாமில் மெசோசைக்ளோப்ஸ் என்னும் கோப்பிபாடைத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு டெங்குக் கொசுவைக் கட்டுப்படுத்தினார்கள். ஊர் மக்களும் பொது சுகாதார ஊழியர்களும் சேர்ந்து நடத்திய இயக்கம் அது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்ததை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது பொருந்தும்.

இனி, குளோரின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1774இல் ஸ்வீடன் நாட்டு ஷீலே இந்த வாயுவைப் பிரித்தெடுத்தார். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் குடிநீருக்கு முறையாகக் குளோரின் சேர்க்கத் தொடங்கினார்கள். டைஃபாய்டு சாவுகள் சரிந்தன. ஏழே ஆண்டுகளில், 1915இல், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் அதே வாயு பதுங்குகுழிச் சிப்பாய்களின் நுரையீரலை எரித்தது. மருந்தும் ஆயுதமும் ஒரே பொருள்தான். அளவும் இடமும் யார் கையில் இருக்கிறது என்பதும் மட்டுமே வேறு.

தூய நீரில் கரைந்த குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. பாக்டீரியாவைக் கொல்வதில் அது வேகமானது. வெயில் பட்டால் வேகமாகச் சிதைந்தும் போகிறது. கழிவுநீரோ தூய நீரன்று. அதில் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக நடந்தால், காற்றூட்டும் தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த ஊதியந்திரத்தை நிறுத்தி வைத்தால் அம்மோனியா அப்படியே வெளியே வரும். அந்த நீரில் குளோரினைக் கொட்டினால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீன் உருவாகும். கிருமியைக் கொல்வதில் குளோரமீன் மந்தமானது; ஆகவே நிர்ணயித்த பாக்டீரியா அளவை எட்டுவதற்கு மேலும் மேலும் குளோரின் தேவைப்படும். ஆனால் நீரில் தங்கியிருப்பதில் அது பிடிவாதமானது. வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமீன் அவ்வளவு எளிதில் போகாது. மீனின் செவுள் வழியாக நுழைந்து இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாத பொருளாக மாற்றும். நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தாலும் மீன் மூச்சுத் திணறும். டாஃப்னியாவுக்கு அந்தத் தாமதமும் இல்லை. நாள் முழுவதும் நீரை வடிகட்டிக்கொண்டே வாழும் உயிர் அது. நீரில் இருப்பதெல்லாம் அதன் உடலைத் தொட்டுச் செல்கிறது.

எவ்வளவு குளோரின் இருந்தால் ஆபத்து? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1980களின் நடுவிலேயே நன்னீர் உயிர்களுக்கான வரையறையை வெளியிட்டது. ஒரு மணி நேரச் சராசரியாக லிட்டருக்கு 19 மைக்ரோகிராம். நான்கு நாள் சராசரியாக 11 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். கனடா அரசு குளோரின் கலந்த கழிவுநீரை நச்சுப் பொருள் என்றே 1990களில் மதிப்பிட்டது; 2012இல் கொண்டுவந்த விதிகளில் கழிவுநீரில் எஞ்சிய குளோரினுக்கு லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது.

இந்தியாவில் என்ன வரம்பு? 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணையில் உள்ள பொதுத் தரநிலைகள், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கின்றன. கனடாவின் வரம்பைப் போல ஐம்பது மடங்கு. எனினும் அந்தப் பழைய அட்டவணையில் ஒரு நல்ல வரியும் இருக்கிறது. நூறு விழுக்காடு கழிவுநீரில், வேறு நீர் கலக்காமல், மீன்களை 96 மணி நேரம் விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருக்க வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கிறது. எந்த வேதிப்பொருள் எத்தனை மைக்ரோகிராம் என்று தனித்தனியே கேட்காமல், உயிரையே சாட்சியாக நிறுத்தும் சோதனை இது. தெரிந்த நஞ்சும் தெரியாத நஞ்சும் அதில் அகப்படும்.

இந்த நிபந்தனைக்கு நேர்ந்த கதி கவனிக்கத் தக்கது. 2015 நவம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கென்று தனியாக ஒரு வரைவை வெளியிட்டது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், அம்மோனியாவுக்கு வரம்பு, மொத்த நைட்ரஜனுக்கு வரம்பு என்று அந்த வரைவு கண்டிப்பாகவே இருந்தது. 2017 அக்டோபர் 13 அன்று இறுதி அறிவிக்கை வந்தபோது எஞ்சியவை நான்கே அளவீடுகள்: அமில-காரத் தன்மை, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், மலக்கோலிஃபார்ம் பாக்டீரியா. ஆக்சிஜன் தேவையின் வரம்பு பெருநகரங்களுக்கு 20 ஆகவும் மற்ற ஊர்களுக்கு 30 ஆகவும் தளர்த்தப்பட்டது. அம்மோனியா போயிற்று. எஞ்சிய குளோரின் அதில் இல்லை. மீன் சோதனையும் இல்லை. சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டி நடத்தும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருந்திருக்க முடியாது.

2019 ஏப்ரல் 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தத் தளர்வைக் கண்டித்து வரம்புகளை மீண்டும் இறுக்கியது. நைட்ரஜனும் பாஸ்பரசும் கணக்கில் வந்தன. மலக்கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 1000 என்றிருந்தது 230 ஆகக் குறைக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இங்கு ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. பாக்டீரியா எண்ணிக்கைக்குக் கடும் வரம்பு உண்டு. அதை எட்டுவதற்குப் பயன்படும் குளோரினுக்கு அந்தப் பட்டியலில் வரம்பு இல்லை. வடிகட்டிக்குச் செலவு செய்யாமல், நைட்ரேட்டாக மாற்றும் தொட்டிக்கு இடம் ஒதுக்காமல், கடைசித் தொட்டியில் குளோரினை இரட்டிப்பாக்கினால் ஆய்வக அறிக்கையில் நிலையம் தேறிவிடும். கணக்கில் வராத உயிருக்குக் கணக்கில் வராத நஞ்சு.

இத்தகைய வரம்புகளை வகுத்த நாடுகளில் கழிவுநீர் போய்ச் சேர்வது பெரும்பாலும் வற்றாத நதிகளில். ஒரு பங்கு கழிவுக்குப் பத்துப் பங்கு, நூறு பங்கு ஆற்றுநீர் சேர்ந்து நீர்த்துப்போகும். பெங்களூருவில் கலக்க ஆற்றுநீர் ஏது? கோடைக்காலத்தில் ஏரிக்கு வருவதே சுத்திகரித்த நீரும் சுத்திகரிக்காத நீரும்தான். 2024 மார்ச்சில் குடிநீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, வறண்ட ஏரிகளைச் சுத்திகரித்த கழிவுநீரால் நிரப்பிக் குழாய்க் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்க மாநகரக் குடிநீர் வாரியம் முடிவு செய்தது. முடிவு சரியானதே. ஆனால் அப்படி நிரம்பும் ஏரியில் டாஃப்னியாவுக்குக் கிடைப்பது நீர்த்த கழிவு இல்லை, நூறு விழுக்காடு கழிவுநீர். 1986இன் அட்டவணை கேட்ட அதே நிபந்தனை இங்கே ஆய்வகத்துக்கு வெளியே, ஏரி அளவில், யாரும் எண்ணிப் பார்க்காத சோதனையாக நடந்துகொண்டிருக்கிறது.

கோலார் அனுபவத்தையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். வற்றாத ஆறில்லாத மாவட்டம். குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்குக் கீழே போயும் ஃபுளோரைடு கலந்த நீரே கிடைத்த மாவட்டம். 2018 ஜூனில் கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் கீழ் பெங்களூருவின் இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பு நீர் கோலார் ஏரிகளுக்கு அனுப்பப்பட்டது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், 126 ஏரிகள் என்பது திட்டம். அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியது. உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, பின்னர் அதை விலக்கிக்கொண்டது. மூன்றாம்நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்பது போராடியவர்களின் கோரிக்கை. ஏரி நிரம்பியதால் கிணறு ஊறியது, பயிர் வைத்தோம் என்று மகிழ்ந்த விவசாயிகளும் உண்டு. இரு தரப்பும் உண்மையையே பேசினார்கள். நீரா நஞ்சா என்று ஏழை விவசாயியைத் தேர்வு செய்யச் சொன்னது அரசின் சிக்கனம்.

கெலவரப்பள்ளியில் தேர்வு செய்யும் வாய்ப்புகூடக் கிடையாது. மழை பெய்து மேலிருந்து நீர் திறக்கப்படும்போதெல்லாம் மதகுக்குக் கீழே நுரை மலைபோல் குவிகிறது. பாலங்களின் மீது பறக்கிறது. அந்த நுரைக்கு முதற்காரணம் சோப்புத்தூளும் சுத்திகரிக்கப்படாத கழிவும். இதை வைத்துக் கர்நாடக மக்களைப் பழித்துப் பேசும் குரல்கள் ஓசூர்ப் பக்கம் கேட்கின்றன. வர்த்தூர்க் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழும் கன்னடத் தொழிலாளியும் ஓசூரில் அந்த நீரைப் பாய்ச்சும் தமிழ் விவசாயியும் ஒரே வாய்க்காலின் இரு முனைகளில் நிற்பவர்கள். மேலே நிலத்தை மனைகளாக்கி விற்றவர்கள் இருவருக்கும் பொதுவானவர்கள்.

வேறொரு திசையிலிருந்தும் கிருமிநாசினி வருகிறது. தரை துடைக்கும் திரவங்களிலும் மருத்துவமனைக் கரைசல்களிலும் உள்ள பென்சல்கோனியம் குளோரைடு போன்ற பொருள்கள் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் அளவிலேயே டாஃப்னியாவை முடக்கக்கூடியவை. சோப்புகளில் சேர்க்கப்பட்ட டிரைக்ளோசான் பாசிகளுக்கு நஞ்சு. அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் 2016இல் கைகழுவும் சோப்புகளில் அதைத் தடை செய்தது. 99.9 விழுக்காடு கிருமிகளைக் கொல்லும் என்று அச்சத்தை விற்கும் விளம்பரங்கள் பெருந்தொற்றுக்குப் பின் பெருகின. பெருந்தொற்றின்போது தெருக்களிலும் மரங்களிலும் ஹைப்போகுளோரைட்டைப் பீய்ச்சியடித்தார்கள்; தெருவில் தெளிப்பதால் பயனில்லை என்று 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் மார்ச் இறுதியில், உத்தரப்பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களைக் குழந்தைகளோடு தரையில் உட்கார வைத்து அவர்கள் மீதே கரைசலை அடித்தார்கள். விமானத்தில் வந்திறங்கியவர்கள் மீது யாரும் அடிக்கவில்லை.

சுத்திகரிப்பு நிலையங்களுக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை ஏரி ஆர்வலர்கள் சிலர் மறந்துவிடுகிறார்கள். வாரியத்தின் முப்பதுக்கும் மேற்பட்ட பெரிய நிலையங்களைத் தவிர, பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கான சிறு நிலையங்கள் தரைக்கீழ் அறைகளில் ஓடுகின்றன. சுத்திகரிப்புச் செலவை நகரத்திடமிருந்து குடியிருப்புச் சங்கத்துக்கும், அங்கிருந்து பராமரிப்பு ஒப்பந்ததாரருக்கும், அவரிடமிருந்து மாதச் சம்பள இளைஞன் ஒருவனுக்கும் தள்ளிவிட்ட ஏற்பாடு அது. குளோரின் அளவிடும் கருவி அவனிடம் இருப்பதில்லை. கேனைச் சாய்த்து ஹைப்போ ஊற்றுகிறான். பிளீச்சிங் பவுடரைக் கரண்டியால் போடுகிறான். பக்கத்தில் அமிலக் கேன் கசிந்து இரண்டும் கலந்தால் ஈப்பரில் வந்த அதே வாயு அந்தச் சன்னலற்ற அறையில் வரும். 2018 ஜனவரியில் சோமசுந்தரபாளையாவில் ஒரு குடியிருப்பின் சுத்திகரிப்புத் தொட்டியைத் தூய்மை செய்ய இறங்கிய மூவர் நச்சுவாயுவால் மடிந்தார்கள். 2017 மார்ச்சில் சி.வி. ராமன் நகரில் பாதாளச் சாக்கடைக் குழியில் மூவர் இறந்தார்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இறங்குகிறவர்களின் சாதியும் வர்க்கமும் மட்டும் மாறவில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு, குளோரினே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. 1991இல் பெரு நாட்டில் காலரா வெடித்தது. குளோரினின் துணைவிளைபொருள்களுக்குப் பயந்து குளோரின் சேர்ப்பதைக் கைவிட்டதுதான் காரணம் என்று பிற்காலத்தில் குளோரின் தொழில்துறையின் ஆதரவாளர்கள் ஓயாமல் சொன்னார்கள். சிதைந்த குழாய்களும் வறுமையுமே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் மறுத்தார்கள். யார் சொன்னது சரியாயினும், கிருமி நீக்காத நீர் முதலில் தாக்குவது சேரிக் குழந்தையையே. 2024 ஏப்ரலில் பெங்களூரு மருத்துவக் கல்லூரி விடுதி மாணவிகள் கூட்டமாக வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது நகரமே காலரா என்று நடுங்கியது. குடிநீருக்குக் குளோரின் வேண்டும். ஏரியில் விடும் கழிவுநீரிலும் நோய்க்கிருமி நீங்கியாக வேண்டும். கேள்வி, அந்த வேலை முடிந்த பிறகு எஞ்சும் நஞ்சை யார் நீக்குவது, எந்தச் செலவில் என்பதே.

வழிகள் புதியவை அல்ல. மீன்தொட்டிக்கு ஹைப்போ உப்புப் போடுவதையே நிலைய அளவில் செய்யலாம். சல்ஃபர் டையாக்சைடோ சோடியம் பைசல்ஃபைட்டோ சேர்த்துக் குளோரினை முறிப்பது பல நாடுகளில் அன்றாட நடைமுறை. மிகுதியாகச் சேர்த்தால் நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பதால் அங்கும் அளவு தெரிந்த ஆள் வேண்டும். புறஊதா விளக்கு எந்த எச்சத்தையும் விடாது. ஆனால் நீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும், மின்சாரம் தடைபட்டால் கிருமி தப்பிவிடும். ஓசோன் விலை அதிகம். இவை எல்லாவற்றுக்கும் முன்பு, அம்மோனியாவை நைட்ரேட்டாக்கி நீரை வடிகட்டிவிட்டால் கிருமிநாசினியின் தேவையே குறைந்துவிடுகிறது. காற்றூட்டும் தொட்டியில் அந்த வேலையைச் செய்பவையும் நுண்ணுயிர்கள்தாம். நுண்ணோக்கியில் ரோட்டிஃபரும் வோர்ட்டிசெல்லாவும் துடிப்போடு தெரிந்தால் தொட்டி நலமாக இருக்கிறது என்று அனுபவமுள்ள இயக்குநர் அறிவார். வீடுகளிலிருந்து பிளீச் மிகுதியாக இறங்கினால் முதலில் சாவதும் இவையே.

ஜக்கூர் ஏரி இதற்கு உள்ளூர்ச் சான்று. வாரியத்தின் நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் நேராக ஏரிக்குப் போகாமல், நாணலும் சம்பும் வளர்ந்த ஈரநிலத்தில் தங்கி, வெயில் வாங்கி, மெதுவாக ஏரிக்குள் நுழைகிறது. நாணல் வேர்களில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரஜனைத் தின்கின்றன. ஏரியில் மீன் பிடிக்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா போன்ற ஆய்வாளர்கள் நீண்ட காலமாக ஈரநிலங்களின் இந்தப் பணியை எடுத்துச் சொல்லி வருகிறார்கள். ஜக்கூரை எல்லா இடத்திலும் நகலெடுத்துவிட முடியாது. ஈரநிலத்துக்கு நிலம் வேண்டும். பெங்களூருவில் ஏரிக்கரை நிலத்தின் விலை என்ன என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளோரின் மலிவாக இருப்பதன் இரகசியம் அங்கேதான் இருக்கிறது. நிலத்தைத் தின்னும் இயற்கை முறைக்குப் பதிலாக, பத்துக்குப் பத்து அறையில் வைக்கக்கூடிய உருளை; எஞ்சிய நிலம் விற்பனைக்கு. லண்டன் மக்களின் கழிவு வயலுக்கு உரமாகத் திரும்பாமல் தேம்ஸ் நதியைக் கெடுத்ததை மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் சுட்டிக்காட்டினார். மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான அந்த அறுந்த தொடர்பை இன்று ஒரு வேதிப்பொருளால் ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள்.

சட்டத்தின் பல்லும் பிடுங்கப்பட்டு வருகிறது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோருக்கு இருந்த சிறைத்தண்டனையை அகற்றி அபராதமாக்கியது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்திலும் 2024இல் அதே திருத்தம் வந்தது. பெரும்பாலான மீறல்களுக்கு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்டினால் போதும். அந்தத் திருத்தம் முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்கே பொருந்தியது. மற்ற மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றி ஏற்க வேண்டும். தொழில் நடத்துவதை எளிதாக்குதல் என்று இதற்குப் பெயர். பெல்லந்தூர் வழக்கில் 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. அதைக் கட்டுவது பொதுப்பணம். மனை விற்றவர்களின் பையிலிருந்து அதில் ஒரு பைசாவும் வராது.

ஆகவே கோரிக்கைகள் குறிப்பானவையாக இருக்க வேண்டும். 2017 அறிவிக்கையில் விடுபட்ட எஞ்சிய குளோரின் வரம்பு திரும்ப வர வேண்டும், அதுவும் 1.0 மில்லிகிராம் என்னும் பழைய தாராளத்தோடு அன்று. 96 மணி நேர மீன் சோதனை சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மீண்டும் கட்டாயமாக வேண்டும். பிறந்து 24 மணி நேரம் ஆகாத நீர்த்தெள்ளுக் குஞ்சுகளைக் கழிவுநீரில் விட்டு 48 மணி நேரத்தில் எத்தனை அசையாமல் கிடக்கின்றன என்று எண்ணும் சோதனை உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. அதற்குப் பெரிய கருவி தேவையில்லை, கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் செய்யலாம். கோலார், ஓசூர் விவசாயிகள் சங்கங்களும் பெங்களூருவின் தூய்மைப் பணியாளர் சங்கங்களும் அதை ஒன்றாகக் கேட்க வேண்டும். இயக்குநர்கள் நிரந்தரப் பணியாளர்களாக, பயிற்சியும் முகக்கவசமும் குளோரின் கசிவு எச்சரிக்கைக் கருவியும் பெற்றவர்களாக இருக்க வேண்டும். சோதனை முடிவைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒவ்வொரு நிலையத்தின் வாயிலிலும், கெலவரப்பள்ளி அணையின் மதகருகிலும், மாதந்தோறும் ஒட்ட வேண்டும்: விட்ட நீர்த்தெள்ளு இத்தனை, பிழைத்தது இத்தனை.